இடியப்பத் தில்லையர் என்று பெயர் வைத்தவன் எழுதுவது

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெல்லியடியில் ஒரு சலூனில் கழுத்தில் துணி கட்டியபடி இருந்தேன். பாதித் தலை வெட்டியாயிற்று. வெளியே ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று மெதுவாகப் போனது. "உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற சுகாதார வெளிக்கள உத்தியோகத்தர் கந்தையா தில்லையம்பலம் அவர்கள்..." என்று அது சொல்லிக்கொண்டு போக, கத்தரிக்கோல் நின்றது.

"ஆரண்ணை? எங்கடை இடியப்பத் தில்லையரோ?" என்று கேட்டார் முடிவெட்டுபவர்.

வாங்கில் குந்தியிருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஓமோம், அவர்தான். மேலை போயும் ஆற்றையேன் வீட்டுக் குசினிக்கைதான் முதல் எட்டிப் பாப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முடிவெட்டுபவர் என் தோளில் தட்டினார். "குணமண்ணை, உங்கடை வாயாலை அந்தக் கதையைக் கேக்கிறதுதான் வடிவு. ஒருக்காச் சொல்லுங்கோவன்."

கதை சொல்லு என்று என்னை இரண்டாம் தரம் யாரும் கேட்க வேண்டி வந்ததில்லை. வடமராட்சியில் என்னைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. தெரியாதவர் இருந்தால் அவர் வடமராட்சி ஆளில்லை. ஆனால் அன்று எழும்பினேன். துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, பாதி வெட்டிய தலையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்தவன் நான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு யாராவது எழுத விரும்பினால் தரலாம் என்று தில்லையரின் மகன் சொன்னபோது, அதிபர்மார், டொக்டர்மார் எழுதுகிற புத்தகத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர்கள் எழுதப்போவது அவர் பெற்ற பதவிகளைப் பற்றி. அவர் இழந்ததைப் பற்றி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவரை அறியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தில்லையம்பலம் ஐயா ஆறடி உயரம். இப்படி எழுதியதைப் பார்த்து என் மகன் சிரித்தான். சரி, ஐந்தரை அடி. மெலிந்த உடம்பு, எப்போதும் கைமடித்த வெள்ளைச் சேட், பழைய மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் ஒரு தகரப் பெட்டி. மலேரியாப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. சண்டை நடந்த காலத்திலும் அந்தப் பெட்டியோடு சோதனைச் சாவடிகளைக் கடந்து இரத்தம் எடுக்கப் போனவர். பெட்டிக்குள் என்ன என்று கேட்ட ஆமிக்காரனிடம், "கண்ணாடித் தகடும் பஞ்சும் ஊசியும். வேணுமெண்டால் உமக்கும் ஒரு குத்துக் குத்திறன்" என்று சொன்னாராம். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. அவருடன் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அவரோடு பழக்கம் வந்தது என் தங்கையால். தொண்ணூறாம் ஆண்டு புருசனோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவள், இருபத்தைந்து வருடம் அங்கே அகதி முகாமில் இருந்து, புருசனை அங்கேயே பறிகொடுத்து, மூன்று பெண்பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். மூன்றும் முகாமில் பிறந்ததுகள். "மாமா, வர்றேன் மாமா" என்று இந்தியத் தமிழ் கதைக்கும். ஒழுங்கையில் போகிற பெடியள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். நாலு பேரையும் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். தாய்மாமன் என்றால் சும்மாவா? ஊருக்கெல்லாம் நான்தான் விமானத்தில் போய் அவர்களைக் கூட்டி வந்ததாகச் சொன்னேன். உண்மையில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்களை நெல்லியடிச் சந்தியில் வைத்துத்தான் ஏற்றினேன்.

வந்த மூன்றாம் நாள் தில்லையர் வாசலில் நின்றார். இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பட்டியல் அவர் கையில் இருந்தது. எங்கள் நாட்டில் மலேரியாவை ஒழித்துவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களின் இரத்தத்தில் அது ஒளிந்து வரக்கூடும் என்பதால் வீடு வீடாகப் போய்ச் சோதிப்பது அவருடைய வேலை. நாலு பேரையும் கதிரையில் இருத்தி, விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, ஒரு குத்து. கண்ணாடித் தகட்டில் குங்குமப் பொட்டுப்போல ஒரு துளி, அதன் பக்கத்தில் தீற்றிவிட்ட இன்னொரு துளி. தகட்டின் ஓரத்தில் பென்சிலால் இலக்கம். நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வந்தது. என்றாலும் சொல்லிவிட்டுப் போனார்.

"குணம், இது மாதக்கணக்கிலை உள்ளுக்கை படுத்துக் கிடக்கும். ஒரு வருசத்துக்கு ஆருக்குக் காய்ச்சல் எண்டாலும் முதல் எனக்குச் சொல்லவேணும். டொக்டரிட்டைப் போக முதல் எனக்கு."

"அதெல்லாம் எங்கடை குடும்பத்துக்கு வராது ஐயா," என்றேன் நான்.

நாலாவது மாதம் வந்தது. மூன்று பிள்ளைகளில் ஒருத்திக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள், பின்னேரம் மூன்று மணிக்குக் குளிரத் தொடங்கும். பல் கிடுகிடுவென்று அடிக்கும். மூன்று போர்வை போர்த்தாலும் காணாது. பிறகு நெருப்பாய்க் காயும், பிறகு வேர்த்து ஊற்றும். அடுத்த நாள் எழும்பி ஒன்றுமே நடவாததுபோல முற்றம் கூட்டுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. பேசியவன் நான். நான் பேசிய கலியாணங்கள் நாற்பது இருக்கும், ஒன்றும் பிழையாய்ப் போனதில்லை. (நாற்பது இல்லை. பதினேழு. இரண்டு பிழையாய்ப் போனது.) முகாமில் பிறந்த பிள்ளை, தகப்பன் இல்லை, அதற்குள் நோய் பிடித்த வருத்தக்காரி என்றும் கதை போனால் யார் எடுப்பார்கள்? இந்தியாவிலிருந்து வருத்தம் கொண்டுவந்த குடும்பம் என்று சொன்னால் மற்ற இரண்டு பிள்ளைகளும் வீட்டோடுதான். இப்படி நான் கணக்குப் போட்டேன். தில்லையருக்குச் சொல்லாமல் பிள்ளையை ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். "வெளியூர் எங்கையும் போனதோ?" என்று டொக்டர் கேட்டபோது, "இவள் உடுப்பிட்டியை விட்டு வெளிக்கிட்டதே இல்லை" என்றேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். வாய் திறந்தால் இந்தியத் தமிழ் வந்துவிடும் என்று அவளைக் கதைக்க வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். வைரஸ் காய்ச்சல் என்று பனடோல் தந்தார்கள். அவர்களில் பிழை இல்லை. பொய் சொன்ன வாய் என்னுடையது.

அந்த வாரமே தில்லையர் இரண்டாம் தரம் இரத்தம் எடுக்க வந்தார். பிள்ளை அறைக்குள் குளிர் விட்டு, வேர்த்துக் கிடந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சகோதரிகள் மூவரும் ஒரே சாயல். ஒருத்தியை இரத்தம் கொடுக்கச் செய்து உள்ளே அனுப்பி, சட்டை மாற்றி, தலையைப் பின்னி, காய்ச்சல்காரியின் பெயரில் திரும்ப வந்து இருக்கச் சொன்னேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

தில்லையர் அவளின் கையைப் பிடித்துப் பார்த்தார். முதல் குத்தின் புள்ளி இன்னும் சிவப்பாக இருந்தது. அவர் குத்தவில்லை. பஞ்சை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"நீ உள்ளை போ பிள்ளை. ஒருத்தியை ரெண்டு தரம் குத்தினால் எனக்கும் நோகும்," என்றார். பிறகு என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போனார். கொடியில் வேர்வை ஈரத்தோடு காயப்போட்டிருந்த போர்வைகளைக் காட்டினார். "குணம், இந்தச் சித்திரை வெய்யிலுக்கு மூண்டு போர்வை ஆர் போத்தது?"

நான் காலில் விழாத குறை. சம்பந்தத்தைச் சொன்னேன், முகாமைச் சொன்னேன், செத்துப்போன மச்சானைச் சொன்னேன், தேவையில்லாமல் என் முழங்கால் வாதத்தையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"முடிஞ்சுதோ? இப்ப நான் சொல்லுறன். உந்தப் பிள்ளையைக் கடிச்ச நுளம்பு நாளைக்கு அயல்வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். ஒரு ஆள் காணும். நாங்கள் இவ்வளவு காலமும் பட்ட பாடு அவ்வளவும் போச்சு. அதை விடும். பிள்ளை செத்துப்போவாள் ஐசே! கலியாணம் ஆருக்குச் செய்யப்போறீர்?"

"ஊருக்குத் தெரிஞ்சால்..."

"தெரியாது. ஒப்பீசுக்குத் தெரியவேணும், அது சட்டம். ஊருக்கு என்ரை வாயாலை போகாது. இது நான் தாற வாக்கு."

அந்த வாக்கைத்தான் அவர் சாகும் வரைக்கும் கட்டிக் காத்தார். அதை உடைக்கச் சொல்லி நான் ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை. உடைக்க வேண்டிய அளவுக்கு நிலைமையை ஆக்கியவனும் நானே.

பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் நேர்த்திக்குக் கதிர்காமம் போனதாக அக்கம்பக்கத்துக்குச் சொன்னேன். தில்லையரும் இன்னும் இருவரும் வந்து டெங்குப் பரிசோதனை என்ற பேரில் அயல் வீடெல்லாம் நுளம்பு பார்த்தார்கள், எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு பதினாலு நாள் குளிசை. ஒருநாள் தவறினாலும் அந்த வருத்தம் திரும்ப எழும்பும் என்று, அவரே ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு வந்து தன் கண்முன்னே கொடுத்தார்.

அந்தக் குளிசையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. போட்டால் வயிற்றைப் புரட்டும். ஆகவே படலையைத் திறந்துகொண்டு வரும்போதே கேட்டுக்கொண்டு வருவார்.

"இடியப்பம் ஆச்சோ?"

பிள்ளைக்காகக் கேட்பது அது. அவள் சாப்பிட்டு முடியும் வரைக்கும் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருப்பார். "இன்னும் ரெண்டு தின்னு பிள்ளை. நீ மெலிஞ்சு போனால் உன்ரை மாமன் என்னைத்தான் பேசுவார்" என்பார். என் தங்கை ஒவ்வொரு நாளும் அவருக்கும் ஒரு கோப்பையில் இடியப்பம் வைப்பாள். "வேலையா வந்த வீட்டிலை நான் கை நனைக்கிறேல்லை தங்கச்சி. குறை நினையாதையும்" என்று ஒவ்வொரு நாளும் அதையே சொல்லுவார். தேநீர்கூடக் குடித்ததில்லை. பிள்ளை குளிசையை விழுங்கியதும் "ஆ காட்டு" என்று பார்ப்பார், பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பதினாலாம் நாள் அவளின் தலையில் கை வைத்தார். "முடிஞ்சுது. இனி நீ இந்த ஊர்ப் பிள்ளை. நுளம்பு கடிச்சாலும் பயமில்லாமல் கடிக்கலாம்," என்றார். அவள் அவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் கூச்சப்பட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது மூன்று தரம் உதைத்தும் எழும்பவில்லை.

இனித்தான் என் பாவம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறதே. குளிசை தொடங்கி ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அந்த வீட்டுக்காரர் ஆறு பேருக்கு முன்னால் கேட்டார். "என்ன குணம், மலேரியாக்காரர் விடியக்காத்தாலை உங்கடை வீட்டை வந்து குந்திக்கொண்டிருக்கிறார்? ஆருக்கும் என்னவும் வருத்தமோ?"

ஆறு முகமும் என்னைப் பார்த்தன. அதில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு.

"வருத்தமோ? அவருக்குத்தான் வருத்தம், பசி வருத்தம்!" என்றேன். "டெங்கு பாக்க வந்த ஆள், எங்கடை பூச்சாடியிலை நுளம்புக் குடம்பி கண்டிட்டார். வழக்குப் போடட்டோ, இடியப்பம் தாறியளோ எண்டு கேட்டார். தங்கச்சி பயந்த பிள்ளை, ஓமெண்டிட்டாள். இப்ப மனிசன் படலையிலை நிண்டே கத்திறார், இடியப்பம் ஆச்சோ எண்டு!"

"அதை நானும் கேட்டனான்!" என்று துள்ளினார் வேலிக்காரர்.

கடை அதிர்ந்தது. வருத்தம் என்ற சொல் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னைத் தெரியுமே, ஆட்கள் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அடுத்த நாள் பத்து இடியப்பம் என்றேன். அதற்கு அடுத்த நாள் இருபது, சொதி, சம்பல், பார்சலும் கட்டுவார் என்றேன். இந்தியாவிலிருந்து வந்த அகதிச் சனத்தின் வீடுகளாகப் பார்த்துத்தான் போவார் என்று வேறு யாரோ சேர்த்தார்கள், நான் மறுக்கவில்லை. மாதம் முடிய முன்னம் பட்டப்பெயர் பருத்தித்துறை வரைக்கும் போய்விட்டது. அவருடைய மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதமும் போனது. நான் எழுதவில்லை. ஆனால் அதிலிருந்த வசனங்கள் என்னுடையவை. உண்மை தெரிந்த மேலதிகாரி அதைக் கிழித்துப் போட்டாராம். ஊரைக் கிழித்துப் போட அவரால் முடியவில்லை.

பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது. இரண்டாம் மாதமே அவள் தன் புருசனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப சுகம்தானே?" இவ்வளவுதான். நான் ஒரு மனிசனின் பெயரை விற்றுக் காப்பாற்றிய இரகசியத்துக்கு அந்த வீட்டில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

"மாமா, நீங்கள் போய் ஐயாவைப் பற்றின கதை பொய்யெண்டு சொல்லுங்கோ," என்றாள் அவள். நாளைக்கு என்றேன்.

தில்லையர் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் எங்கள் சனசமூக நிலையத்துக்குத் தலைவர் தெரிவு. அவரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். நான் அறிய அவர் ஆசைப்பட்ட ஒரே பதவி அது. பிள்ளைகள் வாசிக்க ஒரு தனி அறை போடவேண்டும் என்று கடதாசியில் படம் கீறி, மடித்துச் சேட் பையில் கொண்டு வந்திருந்தார். வழிமொழிய ஒருவர் எழும்ப முதல், பின்னாலிருந்து ஒரு குரல்:

"தலைவர் வந்தால் கூட்டத்துக்கு ஆர் இடியப்பம் அவிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. எழும்பு குணம், எழும்பு என்று என் மனம் சொன்னது. நாலு வசனம் போதும். ஆனால் அந்த நாலு வசனத்தில் முதலாவது, நான் பொய்யன் என்பது. நான் எழும்பவில்லை.

தில்லையர் எழும்பினார். "நான் விலகுறன். வேறை ஆராவது நல்ல பிள்ளையைப் போடுங்கோ," என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்ல நினைத்தேனோ தெரியாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் மெல்லக் கேட்டது இது:

"பிள்ளைக்குப் பிறகு காய்ச்சல் ஒண்டும் வரேல்லைத்தானே?"

"இல்லை ஐயா."

"அது போதும்," என்றார். போய்விட்டார்.

அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒழுங்கையில் எதிரே வந்தால் நான் வேறு ஒழுங்கையால் திரும்பினேன். இப்போது அவர் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள், அவரின் மனைவியிடம் போனேன். இங்கே எழுதிய எல்லாவற்றையும் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்தக் கதை காதிலை விழுந்த அண்டைக்கே நான் அவரிட்டைக் கேட்டனான்," என்றார் அக்கா. "அந்த வீட்டை போறியளோ எண்டு கேட்டன். ஓம் எண்டார். ஏனெண்டு கேட்டன். அது அந்த வீட்டுக் கதை, உமக்கு வேண்டாம் எண்டார். அதுக்கு மேலை நான் கேக்கேல்லை."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"கேக்கேல்லை எண்டதுக்காக நினையாமல் இருந்தனான் எண்டில்லை. இத்தினை வருசமும், சாப்பாடு போட்டுக் குடுக்கேக்கை, ஒவ்வொரு நாளும் நினைச்சனான். நானும் ஊரோடை சேந்து நினைச்சிட்டன் தம்பி. அதை இனி ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

ஊர் சிரித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கலாம். ஒரு மனைவி தன் புருசனைச் சந்தேகப்பட்டுச் சோறு போட்ட நாட்களுக்கு எப்படிக் கேட்பது?

மலருக்கு எழுதித் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். பிள்ளையின் சம்மதம் இருக்கிறது, தன் பெயரையே போடச் சொல்கிறாள் என்றும் சொன்னேன். கொண்டுபோன தாள்களில் அவளின் பெயர் பதினைந்து இடத்தில் இருந்தது. அக்கா தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"எழுதுங்கோ. ஒண்டும் விடாமல் எழுதுங்கோ. ஆனால் பிள்ளையின்ரை பேரை வெட்டுங்கோ. அவர் எனக்கே சொல்லாத பேர் அது."

வெட்டிவிட்டேன். என் தங்கைக்குப் பெண்பிள்ளைகள் மூவர். எவள் என்று தேடிப்போனால், தில்லையரின் வாக்கை மிதிக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு தேடுங்கள். இந்தக் கட்டுரையில் தெரிய வேண்டிய பெயர்கள் இரண்டுதான். ஒன்று கந்தையா தில்லையம்பலம்: வேலைக்குப் போன வீட்டில் ஒரு மிடறு தேநீர் குடிக்காதவர். மற்றது கீழே இருக்கிறது.

ஐயா, உங்களுக்கு முன்னால் நின்று சொல்லாத நாலு வசனத்தை இத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறேன். காலம் பிந்திவிட்டது என்று தெரியும். முப்பத்தோராம் நாள் உங்கள் வீட்டுப் பந்தலில் இந்த மலரைக் கையில் கொடுப்பார்கள். சனம் புரட்டிப் படிக்கும். படித்துவிட்டு என்னைத் தேடும். நான் எழும்பி வேறு ஒழுங்கையால் போகமாட்டேன். முன் வரிசையில், உங்கள் படத்துக்கு நேரே, எல்லோருக்கும் முகம் தெரிய இருப்பேன்.

போய் வாருங்கள் ஐயா.

வேலுப்பிள்ளை குணரத்தினம்
உடுப்பிட்டி